இரண்டாவது பொட்டலம்

பெருந்துறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள மருந்துக்கடைக்கு முறையாக ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரருக்கே தெரியாது. 'கத்தற அக்கா கடை' என்றால் நேராகக் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவார். அந்த அக்கா மிருதுளா. வயது நாற்பத்தைந்து. மருந்துச் சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்டால் கத்துவாள். சீட்டோடு வந்தால், சீட்டு ஏன் இப்படிக் கசங்கியிருக்கிறது என்று கத்துவாள். இருமல் மருந்துக்கு வந்த ஒருவர் அவள் போட்ட சத்தத்தில் இருமலையே மறந்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார் என்று ஊரில் ஒரு கதை உண்டு.

அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே தெரியாது. காலையில் பல் துலக்கும்போதே வந்து நின்றுவிடும். அதன் பிறகுதான் அதை யார் மேல் காட்டுவது என்று ஆள் தேட வேண்டும். பால்காரர் அகப்பட்டால் பால்காரர், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் நவநீதன்.

அவளை மட்டும் சொல்லவும் முடியாது. அந்த ஊரில் முப்பது தாண்டிய யாரைத் தொட்டாலும் சுடும். டவுன் பஸ்களில் டிரைவர் கிடையாது, எல்லாம் தானே ஓடுகிறவை. ஆளில்லாத அந்தப் பஸ்ஸையும் நாலு பேர் திட்டிக்கொண்டேதான் ஏறுவார்கள். பந்தியில் ரசம் வரத் தாமதமானால் இலையை மூடிவிட்டு எழுந்து போவார்கள். கேட்டால், வெயில் என்பார்கள். பெருந்துறைக்கு வெயில் புதிதா என்ன?

அவர்கள் அத்தனை பேருக்கும் பதினைந்து வயதில் ஆசை எடுத்திருந்தது.

'தணிப்பு' என்பது டாக்டர்கள் வைத்த பெயர். ஊரில் 'ஆசை எடுக்கறது' என்பார்கள், மொட்டை எடுக்கிறதைச் சொல்வதுபோல. பிள்ளை தன் மனதில் இருக்கும் பெரிய ஆசை எதுவோ அதை இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும்போது மூளையில் எந்த வழியெல்லாம் வெளிச்சம் ஓடுகிறது என்று இயந்திரம் குறித்துக்கொள்ளும். பொய்யாக வேறு ஆசையைச் சொன்னால் திரையில் தெரிந்துவிடும். மூன்றாவது நாள் ஓர் ஊசி, பத்து நிமிடம் தலையில் ஒரு கவசம். அவ்வளவுதான். ஆசை போய்விடும். அதோடு ஒட்டிய நினைவுகளும் போய்விடும். வலிக்காது.

முதலில் பயந்தவர்கள்தான். எடுத்த பிள்ளைகள் வகுப்பில் ஜன்னல் பக்கமே திரும்புவதில்லை என்று உண்டு உறைவிடப் பள்ளிக்காரர்கள் கண்டுபிடித்த பிறகு, தணிப்புச் சான்று இல்லாமல் பதினொன்றாம் வகுப்பில் இடமில்லை என்றாகிவிட்டது. அடுத்து பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். பிறகென்ன, நம் ஆட்கள் எதைத்தான் விழா ஆக்காமல் விட்டார்கள்? காதுகுத்துக்குப் போலவே தாய்மாமன் சீர்வரிசை, பட்டுப்பாவாடை, மண்டபம், பிரியாணி. 'எங்கள் குலவிளக்கின் தணிப்பு விழாவுக்கு வருகை தரும் அனைவரையும்...' என்று பிள்ளையின் படம் போட்ட பேனர். படத்தில் பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்றவர்களுக்கு வந்ததே இல்லை.

எடுத்தது எல்லாருக்கும் தெரியும். எடுத்தது என்ன என்று எடுக்கப்பட்டவருக்கு மட்டும் தெரியாது. கேட்கவும் கூடாது, தெரிந்தவர்கள் சொல்லவும் கூடாது, அப்படி ஒரு கட்டுப்பாடு. மிருதுளாவிடம் ஆல்பம் இருக்கிறது. பச்சைப் பட்டுப்பாவாடை, கழுத்து நிறைய மாலை. அதற்குள் இருக்கும் பெண் எதை விட்டுக்கொடுத்தாள் என்று அவள் யோசித்ததில்லை. யோசிக்க ஆரம்பித்தால் கோபம் வந்து, யாரிடமாவது கத்திவிட்டு, யோசனையை மறந்துவிடுவாள்.

இப்போது அவள் மகள் இமயாவின் முறை.

இமயாவுக்குக் கப்பல் ஓட்ட வேண்டும். பெருந்துறையில் தண்ணீர் என்றால் கீழ்பவானி வாய்க்கால், அதிலும் வருஷத்தில் பாதி நாள் மணல். கடலை வாழ்க்கையில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள். ஆனாலும் படுக்கையை ஒட்டிய சுவர் முழுக்கக் கடல் வரைபடம். எந்த நேரத்தில் எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிறது என்று சோறு தின்னும்போது சொல்லுவாள். "ரசத்தைப் பாத்து ஊத்துடி, கப்பல் அப்பறம் போகட்டும்" என்று மிருதுளா கத்துவாள்.

சண்டை போடுகிற பிள்ளையாக இருந்தாலாவது பரவாயில்லை. இமயா சண்டையே போடவில்லை. தணிப்புக்கான சம்மதப் படிவத்தைப் பார்த்தாள். அப்பா கையெழுத்துக்கு ஒரு கட்டம், அம்மா கையெழுத்துக்கு ஒரு கட்டம். தனக்கென்று கட்டம் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எடுத்துக்கலாம்மா. நீங்கல்லாம் எடுத்துட்டு நல்லாத்தான இருக்கீங்க" என்றாள்.

அதில் கேலி இருந்ததா இல்லையா என்று மிருதுளாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்கு இரண்டு டம்ளர் நசுங்கின.

திங்கட்கிழமை முதல் அமர்வு முடிந்தது. புதன்கிழமை காலை இரண்டாவது. வெள்ளிக்கிழமை காலையில் மாகாளியம்மன் கோயிலில் பூ கேட்டு உத்தரவு வாங்கிவிட்டு, மதியம் ஊசி. சாயங்காலம் மண்டபத்தில் விருந்து. புதன்கிழமை இமயாவை உள்ளே அனுப்பிவிட்டு மிருதுளா தணிப்பு மையத்தின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்த கையோடு, ஃபேன் ஏன் மெதுவாகச் சுற்றுகிறது என்று வரவேற்பறைப் பெண்ணிடம் ஒரு சத்தம் போட்டு முடித்திருந்தாள்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வந்தார். அறுபதை நெருங்கிய வயது, வெள்ளைக் கோட்டு, மார்பில் 'கிருபாவதி, பதிவாளர்' என்று பட்டை. நாகர்கோவில்காரர். இந்த ஊருக்கு வந்து முப்பத்திரண்டு வருஷமாகியும் பேச்சு மாறவில்லை.

"மிருதுளாதானே? ரத்தினசபாபதிக்க மகள்?"

"ஆமா, அதுக்கென்ன?"

"குரல் மாறல்ல, கேட்டியளா. உங்களுக்கு ரெக்கார்டிங் எடுத்தது நான்தான். கொஞ்சம் உள்ள வாருங்க."

தன் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். நேராக உட்காரவில்லை. மேஜை டிராயரைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"இந்த மாசத்தோட எனக்கு ரிட்டயர்மெண்ட். நாலாயிரம் பிள்ளைகளுக்க ஆசையைக் கேட்டிருக்கேன். பதிவையெல்லாம் ஊசி போட்ட அன்னைக்கே அழிச்சிரணும், அதுதான் சட்டம். ஒண்ணை மட்டும் நான் அழிக்கல்ல."

நகத்தளவு சில்லு ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"என்னுதா?" என்றாள் மிருதுளா. "ஏன் அழிக்கலை?"

கிருபாவதி டிராயரைச் சாத்தினார். "மனசு வெப்ராளமா இருக்கப்ப போட்டுக் கேப்பேன். எனக்க வீட்டுக்காரர் செத்தப்பகூட இதைக் கேட்டுத்தான் எந்திரிச்சேன். அப்படி ஒரு சிரிப்பு வரும்."

"சிரிப்பா?"

"நீங்க பலகுரல்காரி, பிள்ளே. மேடையேறி ஊரையே சிரிக்க வைக்கணும், அதுதான் உங்களுக்க ஆசை. சும்மா ஆசையில்ல, அந்த வயசிலயே அவ்வளவு நல்லா செய்வீங்க. நான் கேட்டதிலயே ஒசந்த பிள்ள நீங்கதான்."

மிருதுளா எழுந்து நின்றாள். அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"ஏங்க, நீங்க எங்கிட்ட இருந்து அதைப் புடுங்கிட்டு, முப்பது வருசமா நீங்க மட்டும் அதைப் போட்டுக் கேட்டுச் சிரிச்சிட்டு இருந்தீங்களா?"

"தப்புதான்."

"தப்பா? இதுக்குப் பேரு தப்பா? நான் முப்பது வருசமா வாயைத் தொறந்தா எரிஞ்சு விழுகறனுங்க. என்ற புருசன் எங்கிட்டப் பேசறதுக்கு முன்னால எம் மூஞ்சியைப் பாத்துட்டுப் பேசறாரு. என்ற மக எங்கிட்டச் சண்டை போடக்கூடப் பயப்படறா. எனக்கு ஏன் இத்தனை கோவம் வருதுன்னு எத்தனை டாக்டர்கிட்டக் கேட்டிருக்கேன் தெரியுமா?"

"அது எங்களுக்கு அப்பவே தெரியும்" என்றார் கிருபாவதி. குரல் இறங்கிவிட்டது. "ஆசை ஒரு இடத்தில இருக்கும். அது கிட்டல்லியேங்குற ஆத்திரம் வேற இடத்தில இருக்கும். ஆசை இருக்க இடத்துக்கு மருந்து உண்டு. ஆத்திரத்துக்கு இல்ல. காரணத்தை எடுத்தாச்சு, கோவம் மட்டும் அநாதையா உள்ள கெடக்கும். நோட்டீஸில ஒரு வரி போட்டிருக்கோமே, 'சிறு எரிச்சல் தோன்றலாம்'னு."

சிறு எரிச்சல்! ஒரு ஊரே ஆளில்லாத பஸ்ஸைத் திட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பெயர் சிறு எரிச்சல்.

"இப்ப எதுக்குக் குடுக்கறீங்க?"

"உங்க மகள் திங்கக்கிழமை ஒரு மணி நேரம் பேசினா. மலாக்கா ஜலசந்தியில ராத்திரி கப்பலை எப்படிக் கொண்டுபோகணும்னு. அவ பேசி முடிச்சப்ப எனக்குக் கடல் மணம் அடிச்சுது பிள்ளே. இனி என்னால முடியாது. நான் சொல்லி யாரும் கேக்கப்போறதில்ல. ஒரு அம்மை வேண்டாம்னு சொன்னா நடக்கும்."

மிருதுளா சில்லை எடுத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிருக்கும்.

அன்று மத்தியானம் கடையைப் பாதி இழுத்து மூடிவிட்டு, மருந்துப் பெட்டிகள் அடுக்கிய பின்னறையில் உட்கார்ந்து அவள் அதைக் கைபேசியில் போட்டுக் கேட்டாள்.

ஒரு பெண்பிள்ளையின் குரல். அழுத்தம் திருத்தமான, கொஞ்சம் திமிரான குரல். முதலில் டவுன் பஸ் கண்டக்டர். 'ஈரோடு, ஈரோடு, உள்ள போ, உள்ள போ, படியில நிக்காதீங்க சாமி, உங்கப்பன் வீட்டுப் படியா', நடுவில் விசில், பிறகு பஸ் கியர் மாற்றும் முக்கல். அடுத்து குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரி. அதற்கடுத்து, பதிவு செய்துகொண்டிருந்த கிருபாவதியையே எடுத்துவிட்டாள். 'கண்ண மூடு மக்களே, எனக்க பேச்சைக் கேளு, வலிக்காது கேட்டியா.' அந்தப் பக்கம் இளவயது கிருபாவதி அடக்க முடியாமல் சிரிப்பது கேட்டது. சிரிப்பு விக்கலாகி, தண்ணீர் குடிக்கும் சத்தம்கூடக் கேட்டது.

மிருதுளா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரோ ஒரு பெண் ஏதோ செய்கிறாள், அவ்வளவுதான். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். அழுகை வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. தன் பொருள் தன் கைக்கே திரும்பி வந்திருக்கிறது, தனக்கு அது அடையாளம் தெரியவில்லை. அந்தக் கொடுமைக்குத்தான் கோபம் வந்தது. ஆனால் இந்தத் தடவை யார் மேல் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

பின்னால் யாரோ சிரித்தார்கள். இரண்டாவது அமர்வு முடிந்து வீட்டுக்குப் போயிருந்த இமயா, பாதி மூடிய ஷட்டருக்குள் குனிந்து நுழைந்து, அம்மா தோளுக்குப் பின்னால் எப்போதோ வந்து நின்றிருக்கிறாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"அய்யோ, யாரும்மா இது? அந்த அக்கா யாரு?"

"நான்தான்" என்றாள் மிருதுளா.

இமயாவின் சிரிப்பு நின்றது. அம்மாவின் முகத்தையும் கைபேசியையும் மாறிமாறிப் பார்த்தாள். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது அந்தப் பெண் தன் அப்பாவைச் செய்துகொண்டிருந்தாள். ரத்தினசபாபதி எதைச் சொல்வதற்கு முன்னும் இரண்டு தடவை தொண்டையைச் செருமி, நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்கி, 'அதுல பாருங்க' என்று இழுப்பார். அதே செருமல், அதே சொடுக்கு. 'அதுல பாருங்க, ஆத்தாளே வெள்ளப் பூக் குடுத்துட்டா. நம்ம கையில என்ன இருக்குதுங்.'

கிருபாவதியின் குரல்: 'அப்பாவுக்குச் சாமி பக்தி ரொம்பவோ?'

அந்தப் பெண்ணின் குரல் இப்போது யாரையும் போல இல்லை, தன் சொந்தக் குரலாக இருந்தது. 'ஊருல எல்லாரும் மூணாவது நாள்தான் பூ கேப்பாங்க. எங்கப்பாவுக்குப் பொறுக்கலை, முதல் நாளே கேட்டுட்டாரு. பூ கட்டறப்ப நான் ஜன்னல்ல நின்னேன்க்கா. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூத்தான் வெச்சாரு. செவப்பு வெக்கவே இல்லை.'

'நீ சொல்லல்லியா?'

'சொன்னா கோயில்ல எல்லாரு முன்னாலயும் அப்பாவுக்கு அசிங்கமாப் போயிருமுங்க. இருக்கட்டும். அக்கா, இதை எடுத்துட்டா நான் யாரையும் சிரிக்க வெக்க மாட்டேனா?'

'வைப்பே மக்களே. கண்ண மூடு.'

அதோடு பதிவு முடிந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பூ விஷயத்தைச் சொல்ல வேண்டும். எந்தப் பெரிய காரியத்துக்கும் முன் அம்மனிடம் உத்தரவு கேட்பது அங்கே வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு. வீட்டில் மூத்த ஆண் யாரும் பார்க்காமல் கட்டிக் கொண்டுவருவார். பூசாரி இரண்டையும் சன்னதி முன் போடுவார். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது கிடையாது. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அதைப் பூசாரி அப்படியே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிடுவார். எத்தனை தலைமுறை அப்பன்மார்கள் அந்தக் கிணற்றை நம்பிப் பிழைத்தார்களோ.

அன்று சாயங்காலமே மிருதுளா நவநீதனிடம் படிவத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பொட்டலம் கட்டப்போவது இமயாவின் அப்புச்சி, அதாவது அதே ரத்தினசபாபதி. மறுபடியும் இரண்டு வெள்ளை வைப்பார். குழந்தை ஒன்றை எடுக்கும். அப்போது அவள் இரண்டாவதைப் பிரித்து, அம்பது சொந்தக்காரர்கள் முன்னால் அந்த மனுஷரை நிற்க வைப்பாள். பதினைந்து வயதில் அவள் காப்பாற்றிக் கொடுத்த மரியாதையை நாற்பத்தைந்தில் திரும்ப வாங்கிக்கொள்வாள். இரண்டு நாளும் அதை நினைத்து நினைத்துச் சுகம் கண்டாள். கடையில் யாரிடமும் கத்தவில்லை. அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று வாடிக்கைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கோயில் நிறையச் சனம். இமயா அதே பச்சை நிறப் பட்டுப்பாவாடையில் நின்றாள். தாய்மாமன் பிரபாகரன் சீர்த் தட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். நவநீதன் படிவத்தையும் பேனாவையும் சட்டைப் பையில் வைத்திருந்தார். அவர் கட்டத்தில் கையெழுத்து விழுந்தாகிவிட்டது. "பூ வந்தவுடனே நீயும் போட்டுடு அம்மிணி, ஒரு சோலி முடிஞ்சுது" என்றார். அவள் கோயில் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரத்தினசபாபதி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறி வந்தார். எழுபத்தாறு வயது. வாழையிலைத் துண்டில் நார் போட்டுக் கட்டிய இரண்டு பொட்டலங்களைத் தட்டில் வைத்துப் பூசாரியிடம் கொடுத்தார். மகள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. முப்பது வருஷமாகவே அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பூசாரி மணியடித்தார். பொட்டலங்களைப் போட்டார். பிரபாகரனின் நாலு வயது மகள் நறுமுகை ஓடிப்போய், இரண்டையும் உற்றுப் பார்த்து, ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பூசாரி நாரை அவிழ்த்தார்.

சிவப்பு.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிரபாகரன்தான் முதலில் சுதாரித்தான்.

"மண்டபமெல்லாம் சொல்லியாச்சுங்களே. மூணு தரம் கேக்கலாமுங்க, தப்பில்லை. வேற பூக் கட்டுங்கப்பா."

"அதெல்லாம் வேண்டாம்" என்றார் ரத்தினசபாபதி. அவசரமாகச் சொன்னார். "ஆத்தா சொல்லிப்போட்டா. அவ்வளவுதான். எல்லாரும் கெளம்புங்க. பூசாரி, அந்தப் பொட்டலத்தை எடுத்துப் போட்டுருங்க."

அந்த அவசரம் மிருதுளாவுக்குப் புரிந்துவிட்டது. பூசாரி குனிவதற்கு முன் அவள் குனிந்து இரண்டாவது பொட்டலத்தை எடுத்தாள். "ஏம்மா, அது வழக்கமில்லீங்க" என்று பூசாரி பதறினார். அவள் பல்லால் நாரைக் கடித்துப் பிரித்தாள்.

அதிலும் சிவப்பு.

அப்பாவைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. மூடிவிடு கண்ணு, உனக்காகத்தான், பேத்தி தப்பித்தாள், மூடிவிடு.

மூடியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். விழா நின்றிருக்கும். யாருக்கும் அசிங்கமில்லை. ஒரு பதினைந்து வயதுப் பெண் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்ட மாதிரியே, இன்னொரு தடவை வாயை மூடிக்கொண்டால் போதும்.

மிருதுளாவுக்கு உச்சந்தலைவரை ஏறியது. இத்தனை நாள் வந்ததெல்லாம் கோபமே இல்லை என்று தோன்றும்படி ஏறியது.

"பாருங்க எல்லாரும்!" என்று பூசாரி கையிலிருந்ததையும் பிடுங்கி இரண்டு இலைகளையும் தூக்கிப் பிடித்தாள். "இதுலயும் செவப்பு. அதுலயும் செவப்பு. எனக்குக் கேட்டப்ப ரெண்டுலயும் வெள்ளை. ஆத்தா அன்னைக்கும் பேசலை, இன்னைக்கும் பேசலை. ரெண்டு தரமும் பேசினது எங்கப்பா!"

"மிருதுளா..." என்று ரத்தினசபாபதி முன்னால் வந்தார். "உனக்குச் செஞ்சது பாவம் கண்ணு. அதுக்குப் பரிகாரமாத்தான்..."

"பரிகாரமா? நீங்க வாயைத் தொறந்து 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமுல்ல? 'மிருதுளா, நான் உனக்குப் பண்ணினது அநியாயம்'னு வீட்டுல வெச்சு எங்கிட்டச் சொல்லிருக்கலாமுல்ல? முப்பது வருசமாச்சு! கெட்டது செய்யறதுக்கும் சாமி பின்னால ஒளியறீங்க, நல்லது செய்யறதுக்கும் சாமி பின்னாலயே ஒளியறீங்க!"

நவநீதன் அவள் கையைப் பிடிக்க வந்தார். அவள் அவருடைய சட்டைப் பையிலிருந்து படிவத்தை உருவி, நாலாகக் கிழித்து, பிரபாகரனின் சீர்த் தட்டில் மாதுளம்பழங்களுக்கு நடுவே போட்டாள்.

"பூவெல்லாம் இனி வேண்டாம். நான் சொல்றேன், நான் அவளுக்கு அம்மா. எடுக்கக்கூடாது. அவ கப்பல் ஓட்டட்டும். ஓட்டத் தெரியாம முழுகினாலும் அவ முழுகட்டும், நான் கரையில நின்னு அழுதுக்கறேன். எனக்கு எது போச்சுன்னே தெரியாம நான் வாழ்ந்தனே, அந்தப் பொழைப்பு என்ற மகளுக்கு வேண்டாம்!"

"சனத்துக்கு என்ன பதில் சொல்றது புள்ள?" என்றார் நவநீதன், கிழிந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு.

"சனத்துக்கா? என்ன சொல்லணும்? எங்கப்பாவைச் சொல்லச் சொல்லுங்க, அவருதான் நல்லாச் சொல்லுவாரு!" மிருதுளா இடுப்பில் கைவைத்துத் திரும்பினாள். "க்ஹும்... க்ஹும்..." நாக்கு ஒரு சொடுக்குச் சொடுக்கியது. "அதுல பாருங்க... ஆத்தாளே சொல்லிப்போட்டா. நம்ம கையில என்ன இருக்குதுங்!"

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. கோபத்தில் அப்படி வந்தது. தோள் ஒரு பக்கம் சரிந்தது, வலது கை, இல்லாத வேட்டியின் நுனியைப் பிடித்தது, நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் தொண்டையிலிருந்து எழுபத்தாறு வயதுக் கிழவரின் குரல் அச்சுப் பிசகாமல் வந்தது.

நறுமுகைதான் முதலில் சிரித்தாள். தாத்தா இங்கே வாய்மூடி நிற்க, அவர் குரல் அங்கேயிருந்து வருகிறதே என்று இருவரையும் மாறிமாறிக் காட்டிக் கைகொட்டிச் சிரித்தாள். பின்னால் யாரோ ஒரு அத்தை வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. பூசாரி மணியைப் பிடித்தபடி திரும்பி நின்றுகொண்டார், அவர் முதுகு குலுங்கியது. நவநீதனின் உதடு கோணியது. அந்தக் கோயிலில் அவ்வளவு சிரிப்பை யாரும் கேட்டதில்லை, அந்த ஊரிலேயே கேட்டு வெகுகாலமாகியிருந்தது. ரத்தினசபாபதி மட்டும் படியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்தக் குரலை அவர் முப்பது வருஷத்துக்கு முன் கடைசியாகக் கேட்டிருந்தார்.

மிருதுளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்றும் புரியவில்லை. தொண்டை கிழியக் கத்தினால் பல்லைக் காட்டுகிறார்களே என்று ஆத்திரம் இன்னும் ஏறியது.

"எவ அவ இளிக்கறது? நான் என்ன வித்தையா காட்டறேன் இங்க?"

இமயா சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இன்னொரு தரம் செய்யி."

"என்னத்தைடி?" என்று கத்தினாள் மிருதுளா.